நித்திரைப் பிள்ளையைப் பார்க்கக் கூடாது

நான் விஞ்ஞான ஆசிரியை. இது பெருமூளை, இது சிறுமூளை என்று கரும்பலகையில் படம் கீறி, வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள். வகுப்பில் யாராவது பேய், கண்ணூறு, நாவூறு என்று வாயைத் திறந்தால் பகிடி பண்ணியே உட்கார வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் மகள் பிறந்த பிறகு, அவள் கண் மூடிக் கிடக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நித்திரை கொள்ளும் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பார்த்து ரசிக்கவே கூடாது. அதிலும் பெற்றவள் பார்க்கக் கூடாது. ஊர்க் கண்ணை விடத் தாய்க் கண் பொல்லாதது. மண்டூரில் என் அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். அம்மா இப்போது இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகளான எனக்கு வந்தது. வீட்டோடு அம்மாவின் பயங்களும் வந்தன. வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்லடியில் வாடகைக்கு வந்துவிட்டேன். பயங்களைப் பூட்டிவிட்டு வர முடியவில்லை.

மகள் பிறந்தபோது அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நல்ல நிறைமாதப் பிள்ளை, வயிற்றுக்குள் கடைசி வரை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, வெளியே வந்ததும் துணிபோலக் கிடந்தது. எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அறையில் சத்தம் போட்டு அழுதது நான் மட்டும்தான்.

வருத்தக்காரப் பிள்ளைகளையும் குறைமாதப் பிள்ளைகளையும் வைத்துப் பார்க்கும் பிரிவுக்கு அவளைக் கொண்டுபோனார்கள். எல்லோரும் அதைப் பி.பி.யூ. என்றார்கள், எதன் சுருக்கம் என்று கேட்காமல் நானும் பி.பி.யூ. என்றேன். அங்கே கிடந்த பிள்ளைகள் எல்லாம் அணில் அளவு. நடுவில் என் மகள் மட்டும் மொழுமொழுவென்று இருந்தாள். இப்படி நினைப்பதே கண்ணூறு என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் அவளைக் குளிரில் வைத்திருந்தார்கள். காற்று இல்லாமல் தவித்த மூளை, உடம்பின் சூடு குறைந்தால் ஆறுதல் எடுக்கும் என்று டொக்டர் விளக்கினார். எனக்கு அது விளங்கியது. நானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கக் கூடிய விஷயம்தான். ஆனால் கையை உள்ளே விட்டுத் தொட்டால் பிள்ளை சில்லென்று இருந்தது. சில்லென்ற பிள்ளையைத் தொடும் தாயின் மனசு எங்கே போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

பிறகு மெல்ல மெல்லச் சூடாக்கினார்கள். மருந்துகளைக் குறைத்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு வழியாக விட்ட குழாயில் என் பால் இறங்கியது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவ்வளவுதான். அது நித்திரையா மயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமலா போகும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

டொக்டரிடமே கேட்டேன். மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்.

"பாத்து மட்டும் சொல்ல ஏலாது. தலையில கம்பி ஒட்டி மூளையின்ட அலையை எடுப்பம். மயக்கம் எண்டா கோடு ஒரே மாதிரிப் போகும். நித்திரை எண்டா மாறும். பச்சைப் பிள்ளைக்கு ரெண்டு வித நித்திரை. ஒண்டில கண் மூடியிருந்தாலும் முழி உள்ளுக்குள்ள ஓடும், முகம் சுளிக்கும், மூச்சு தாறுமாறா வரும். மற்றதில அசையாமல் கிடக்கும், மூச்சு ஒரு சீரா வரும். இந்த ரெண்டும் மாறி மாறி வரத் தொடங்கினா, மூளை தன்ட வேலைக்குத் திரும்புது எண்டு நம்பலாம்."

"வராட்டி?"

"பாப்பம்."

டொக்டர்மார் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பிரிவில் இருந்த எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 

இதையெல்லாம் அன்றே என் கணவருக்குச் சொன்னேன். அவர் கட்டாரில் ஏ.சி. பூட்டும் வேலை செய்கிறார். பிள்ளை பிறப்பதற்கு லீவு கேட்டுக் கிடைக்காமல் போன மனிதர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் நிழலில் இருந்துகொண்டு அழைப்பார். நான் எதையும் ஒளிக்கவில்லை. அவருடைய வேண்டுகோள் ஒன்றே ஒன்று: "நான் எடுத்தா நீ எடுக்கோணும். எடுக்காட்டி என்ட மனம் என்னவெல்லாமோ நினைக்கும்." உள்ளே ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே அவருடைய சாப்பாட்டு நேரத்துக்கு நான் வெளியே வந்து, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாளும் தவறவிடவில்லை.

அவருடைய அம்மா கதிரவெளியில். மாமா பாரிசவாதத்தில் படுத்துவிட்டதால் மாமியால் அசைய முடியாது. "துடக்கு கழிய வாறன் மகள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பிள்ளைப்பேற்றுத் துடக்கு, தீட்டு என்று சொல்லி மறைத்தாலும், மாமாவை விட்டுவிட்டு வர முடியாது என்பதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே இருவரும் துடக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

தாய்மார் தங்கும் அறையில் வரிசையாகக் கட்டில்கள். பால் கறந்து போத்தலில் எடுத்துக்கொண்டு போவதும், உடுப்புக் கழுவிக் காயப்போடுவதும்தான் வேலை. அதெல்லாம் தாங்கலாம். என்னால் தாங்க முடியாமல் இருந்தது பார்வையாளர் நேரம். மணி அடித்ததும் மாமியார், நாத்தனார், பெரியம்மா என்று அறை நிறைந்துவிடும். சோற்றுப் பாத்திரம் திறக்கிற சத்தம். சரக்குக் கறி வாசம். பிள்ளை பெற்ற உடம்புக்கு இதைத் தின், அதைத் தின் என்று அதட்டல். என் கட்டிலில் இடம் இருக்கிறதென்று யாரோ ஒரு மாமா வந்து உட்காருவார். நான் எழும்பிக் கன்டீனுக்குப் போய்விடுவேன். ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ. கூட்டம் கலையும் வரை அங்கேயே இருப்பேன். அந்தப் பெண்களில் ஒருத்தி ஒரு நாள், "உங்களுக்கு ஆரும் வாறதில்லையா அக்கா?" என்று கேட்டாள். "எல்லாரும் வேலையா இரிக்காங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் அப்படிக் கேட்ட வாயை நன்றாக அடைத்திருப்பேன். அங்கே எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கரண்டி கறி தருவாளா என்றுதான் ஆசையாக இருந்தது.

பிள்ளையிடம் போக விடும் நேரங்களில் போவேன். கை கழுவுவேன், மேலங்கி போடுவேன், கட்டிலருகே ஸ்டூலில் உட்காருவேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதிர்ச் சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம் ஒட்டியிருந்தது. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். கையை மட்டும் உள்ளே விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தொடலாம்; தொடுவதற்கு ஒரு தடையும் அம்மா சொல்லவில்லை.

இதை உள்ளே பொறுப்புத் தாதியாக இருந்த மிஸி கவனித்திருக்கிறார். கண்டிப்பான பெண், அவர் வருகிறார் என்றால் தாய்மார் எல்லோரும் இன்னொரு தடவை கை கழுவுவார்கள். ஒரு நாள் காலை, மனநல ஆலோசகர் என்று ஒரு இளம் பெண் என் கட்டிலுக்கு வந்து, மிகவும் இனிமையாகப் பேசத் தொடங்கினார். நித்திரை வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்று சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டு கவலையா அக்கா?"

எனக்குக் கோபம் ஏறியதைப் பார்க்க வேண்டும். "எங்கட ஊரில பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் வீடு. கவலைப்படுறவன் ஆம்பிளையப் பெத்தவன்" என்று போட்டேன். அந்தப் பெண் எதையோ யோசித்துவிட்டு, நாளைக்கும் வருவதாகச் சொல்லிப் போனார். கோபம் ஆறிய பிறகுதான் உறைத்தது: இந்தப் பிரிவில் எல்லோரும் என்னைப் பிள்ளை வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுக்க ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால், விஞ்ஞான ரீச்சர் நாவூறுக்குப் பயப்படுகிறா என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கும். வேண்டாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். வீம்பு என் கூடப் பிறந்தது.

அலை எடுக்கிற அக்கா அடுத்த நாள் முற்பகல் வந்தார். காத்தான்குடியில் இருந்து வருகிறவர். என்னை விடக் கொஞ்சம் வயது கூட. மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, பர்தாவுக்கு மேல் மேலங்கியைக் கட்டிக்கொண்டு, அளவு நாடாவால் என் மகளின் தலையை அளந்தார். உச்சி, நெற்றி, காதுக்கு மேல் என்று சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியையும் பஞ்சால் தேய்த்து, பசை வைத்து, சின்னச் சின்ன வெள்ளிக் கிண்ணம் போன்ற ஒன்றை ஒட்டி, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மெல்லிய துணியால் தலையைச் சுற்றினார். அவள் தலையில் யாரோ உரிமையோடு கை வைத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. ஊரில் என்றால் இந்நேரம் எத்தனை பேர் எண்ணெய் வைத்துத் தடவியிருப்பார்கள்.

அங்கே இடம் குறைவு. மெஷினை ஒரு பக்கமாகத்தான் நிறுத்த முடிந்தது. திரையைப் பார்த்தால் அக்காவுக்குப் பிள்ளை முதுகுப் பக்கம். வேறு மெஷின்களில் கமெரா இருக்குமாம், இதில் இல்லை.

"தங்கச்சி, நான் திரையப் பாப்பன். நீங்க புள்ளட முகத்தப் பாத்திக்கிட்டே இரிக்கணும்" என்றார். "கண் அசைஞ்சா, வாய் சூப்பினா, கை கால் துள்ளினா உடன சொல்லணும். நான் அந்த இடத்தில குறிப்பன். கோடு மட்டும் இருந்தாக் காணாது. அந்த நேரம் புள்ள என்ன செஞ்சது எண்டு தெரியணும்."

ஓம் என்றேன். அவர் திரைக்குத் திரும்பினார். நான் கை கழுவும் படத்துக்குத் திரும்பினேன்.

"இப்ப?"

"ஒண்டுமில்லை."

"இப்ப என்ன செய்றா?"

"ஒண்டும் செய்யல்ல."

பாதத்தைப் பிடித்திருந்த கையில் எதுவும் தெரியவில்லை. அதை நம்பித்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அக்காவின் குரல் மாறியது. "இது என்ன? தங்கச்சி, இப்ப என்ன செஞ்சா? வாய் அசைஞ்சதா? கை துள்ளினதா?" அவர் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். 

அவர் சத்தம் போடவில்லை. பதிவை முடித்து, டொக்டரை அழைத்துக் காட்டினார். எனக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்கள். கோட்டில் ஓர் இடத்தில் கூர்கூராக ஏதோ வந்திருந்தது. பிள்ளை வாய் சூப்பினாலும் அப்படி வரலாம். வலிப்பு வந்தாலும் அப்படி வரலாம். அந்த நேரம் பிள்ளை என்ன செய்தது என்று சொல்ல ஆளில்லை. வலிப்பு என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்தைக் கூட்டினால் அவள் இன்னும் ஆழமாகக் கிடப்பாள்; பிறகு நித்திரையைக் கோட்டில் தேடிப் பிரயோசனமில்லை. "நாளைக்கு இன்னொருக்கா எடுத்துப் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்றார் டொக்டர்.

அக்கா என்னை வெளி நடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்து பார்த்தால் கட்டடங்களுக்கிடையில் வாவியின் ஒரு துண்டு தெரியும். அன்று அது வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"புள்ள மேல கோவமா தங்கச்சி?"

இந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது. ஆலோசகருக்குச் சொல்லாததை, மிஸிக்குச் சொல்லாததை, கணவருக்குக் கூடச் சொல்லாததை இந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் அழுது அழுது சொன்னேன். நித்திரைப் பிள்ளையைப் பார்த்தால் என் கண் பட்டுவிடும். மற்ற நேரத்தில் பார்க்கலாம். ஆனால் இவள் முழிக்கவே மாட்டேன் என்கிறாள். அப்படியென்றால் நான் எப்போது பார்ப்பது?

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கட உம்மாவும் இதான் சொல்லுவா. ஆனா நாங்க மாஷா அல்லாஹ் சொல்லிட்டுப் பாப்பம். உங்களுக்கு அப்படி ஒண்டும் இல்லையா?"

"இரிக்கு. தூ தூ எண்டு துப்போணும்."

இருவரும் பி.பி.யூ. கண்ணாடிக்கு அங்கால் பார்த்தோம். மிஸி ஸ்பிரிட் போத்தலும் கையுமாகக் கட்டில் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துப்பினீங்க எண்டா ரெண்டு பேரையும் வாவியிலதான் தூக்கிப் போடுவா" என்றார் அக்கா. பிள்ளை பிறந்ததன் பிறகு முதல் தடவையாக நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தேன்.

"துப்பாம வேற வழி இல்லையாகா? யோசிங்க."

"வடிவில்லை, அவலட்சணம் எண்டு சொல்லிச் சொல்லிப் பாக்கலாம். குரங்கு, காகம் எண்டு பட்டம் வைப்பம். அப்ப கண்ணூறு ஒட்டாது."

"அப்ப அதச் செய்ங்க. காகம் எண்டு சொன்னாலும் எனக்குக் காரியமில்ல. காகத்துக்குக் கண் அசைஞ்சாச் சொன்னாக் காணும்."

அடுத்த நாள் அதே நேரம், பால் இறங்கி முடிந்ததும், திரும்பவும் நாடா, பென்சில், பசை, கம்பி. அக்கா திரைக்குத் திரும்பினார். நான் மூச்சை இழுத்து விட்டு, என் மகளைப் பார்த்தேன்.

அதுவரை அவளை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவள் அப்பாவின் மூக்கு. என் நெற்றி. மேலுதட்டில் பால் குடிக்காமலே பால் குடித்த மாதிரி ஒரு சின்னத் தடிப்பு. இமையில் முடி இருந்தது, அவ்வளவு நீளமாக. வடிவு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"காகக் குஞ்சு" என்றேன். "என்ன கறுப்பு, என்ன அவலட்சணம்."

"ஆ, மறுகா? மேல சொல்லுங்க" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடி.

"இமைக்குக் கீழ முழி ஓடுது. காகத்துக்கு."

"சரி. குறிச்சிட்டன்."

"குரங்கு நெத்தியச் சுருக்குது. இப்ப விட்டிட்டுது. விரல் விரியுது."

"சரி."

"வாய் சூப்புறாள்! மூஞ்சூறு வாய், என்ன சூப்பு சூப்புது."

அக்கா திரையைத் தட்டினார். "இதான் தங்கச்சி. நேத்து வந்ததும் இதேதான். கூர்கூரா, இதே மாதிரி." எப்போது வந்தாரோ, டொக்டர் அவருக்குப் பின்னால் நின்றார். குனிந்து பார்த்து, "ஓம், சூப்பினதுதான். வலிப்பில்லை" என்றார். நான் பார்வையை எடுக்கவில்லை. எடுக்க மனமும் இல்லை.

பிறகு அவள் நின்றுவிட்டாள். முழி ஓடவில்லை. நெற்றி அசையவில்லை. விரல் அப்படியே கிடந்தது. நான் குரங்கு, காகம் எல்லாவற்றையும் மறந்துபோனேன். பார்த்தேன், பார்த்ததால் வந்த வினை என்றே தோன்றியது. 

"ஒண்டும் செய்யிறாள் இல்லை அக்கா. ஒண்டுமே இல்லை."

"பயப்படாதீங்க. முகத்த விடுங்க, நெஞ்சப் பாருங்க. மூச்சு எப்படி?"

"ஒரு சீரா வருது."

"அப்ப ஒள்ளுப்பம் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரையில் கோடுகள் எழும்பி, கொஞ்சம் ஆடி, தணிந்து கிடந்து, திரும்ப எழும்பின. ஒவ்வொரு கோடும் அப்படித்தான். மாரி காலத்தில் தவளைகள் சேர்ந்து கத்திவிட்டு, ஏதோ பேசி வைத்தது போல ஓய்ந்து, திரும்பத் தொடங்கும், அந்த மாதிரி. இதற்கு முன் இப்படி இல்லை, சின்னச் சின்ன அலையாக ஓயாமல் போனது என்று அக்கா பழைய பக்கத்தைத் தள்ளிக் காட்டினார். நான் இரண்டையும் பார்த்தேன். விஞ்ஞான ரீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் டொக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ, திரும்ப மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் என் ஸ்டூலுக்குத் திரும்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கழுத்து வலித்தது. கடைசியில் அவள் மூச்சு ஒரு தடவை தடுக்கியது. இமைக்குக் கீழ் ஏதோ ஓடியது. உதடு ஒரு பக்கமாகக் கோணி, அழப் போகிறவள் போலப் பிதுங்கி, பிறகு அப்படியே இழுபட்டு ஒரு சிரிப்பாக மாறியது.

"நரி வெருட்டுது!" என்று கத்திவிட்டேன். பி.பி.யூ.வில் யாரும் கத்துவதில்லை. மிஸி திரும்பிப் பார்த்தார்.

பச்சைப் பிள்ளை நித்திரையில் அழுவதும் சிரிப்பதும் நரியின் வேலை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. உன் அம்மா செத்துவிட்டாள் என்று நரி சொல்லுமாம், பிள்ளை அழும். இல்லை இருக்கிறாள் என்று சொல்லுமாம், பிள்ளை சிரிக்கும். "எங்கட பக்கமும் நரிதான்" என்றார் அக்கா. அவருடைய விரல் விசையை அழுத்திக் குறித்தது. கோடுகள் திரும்பவும் சின்னச் சின்ன அலையாக ஓடத் தொடங்கியிருந்தன.

டொக்டர் எழுந்தார். "நித்திரைதான்" என்றார். "ரெண்டும் வருது, மாறி மாறி வருது. இனி முழிப்பு வரட்டும். மற்றதெல்லாம் வளர வளரத்தான் தெரியும். இப்பவே ஒண்டும் உறுதி சொல்லமாட்டன்." ஒரு அடி போய் நின்று, "ஆனா, இது நல்லது" என்றார். நான் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னது அன்று மட்டும்தான்.

அக்கா கம்பிகளைக் கழற்றி, பசையை ஈரப் பஞ்சால் துடைத்து, மெஷினைத் தள்ளிக்கொண்டு வேறு வாட்டுக்குப் போய்விட்டார். நான் நடையில் நின்று கணவரை அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வேலை நேரம்; ஃபோன் கீழே எங்கோ பைக்குள் கிடக்கும். மாமிக்கு அழைத்தேன், கதிரவெளியில் சிக்னல் இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கன்டீனுக்குப் போனேன். தேத்தண்ணீர் ஊற்றும் பெண்ணிடம், "என்ட புள்ள நித்திரை கொள்ளுறாள்" என்றேன்.

"எல்லாப் புள்ளையும் நித்திரைதானேக்கா கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அவள் மிச்சக் காசைத் தந்தாள்.

அறைக்குத் திரும்பி, கணவர் அழைக்கும் நேரம் வரும் வரை சாய்ந்திருப்போம் என்று கட்டிலில் சரிந்தேன். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. பார்வையாளர் நேரத்து மணி அடித்திருக்கிறது, சனம் வந்திருக்கிறது, கறிப் பாத்திரம் திறந்திருக்கிறது, என் கால்மாட்டில் யாரோ மாமா உட்கார்ந்து எழும்பியும் போயிருக்கிறார். நான் கிடந்த கிடைக்கு எதுவும் கேட்கவில்லை. தலையணைக்குக் கீழே ஃபோன் துடித்துத் துடித்து ஓய்ந்திருக்கிறது.

என்னை உலுக்கி எழுப்பியது மிஸி. 

"உங்கட அவர் வாட்டுக்கு எடுத்திரிக்கார். ஆரிட்டயோ நம்பர் வாங்கி. அழுறார். நான் சொல்லுற ஒண்டும் அவருக்குக் கேக்கல்ல."

செருப்பில்லாமல் ஓடினேன். மேசையில் கவிழ்ந்து கிடந்த ரெலிபோனை எடுத்தேன். அந்தப் பக்கம் அவருடைய மூச்சு மட்டும் வந்தது. பின்னால் ஏதோ இரும்பு விழுகிற சத்தம், இந்திக்காரர்களின் பேச்சு. அவர் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பது எனக்கு உடனே விளங்கியது. நான் எடுக்காத ஒவ்வொரு அழைப்பிலும் அவர் அவளை ஒரு தடவை புதைத்திருக்கிறார்.

"இஞ்ச, நான் நித்திரையாப் போயிட்டன்" என்றேன். "களைப்பில கண் அயர்ந்திட்டு. வேற ஒண்டுமில்லை."

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவளும் நித்திரை. கேக்குதா? மயக்கம் இல்லையாம். நித்திரையாம். டொக்டரே சொன்னவர்."

அவர் அழுதார். பகல் நேரத்தில், ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கு நடுவில், குரலை அடக்காமல் அழுதார். அவர் தோளைத் தொட அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு இங்கே மிஸி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"வீடியோவில காட்டட்டா? மிஸிட்டக் கேட்டுப் பாக்கிறன்."

"வேணாம்" என்றார் அவசரமாக. "நித்திரைப் புள்ளையப் பாக்கக் கூடாது. என்ட கண்ணும் பொல்லாதது." பிறகு தயங்கி, "மூச்சுச் சத்தத்த மட்டும் கேக்கலாமா?" என்றார்.

மிஸிக்கு அது கேட்டிருக்க வேண்டும். என் ஃபோனை எடுத்து வரச் சொன்னார். ஸ்பிரிட் போட்டு அதன் முன்னும் பின்னும் ஓரங்களும் துடைத்தார். "ஒரு நிமிஷம்தான்" என்றார். கை கழுவி, மேலங்கி போட்டு, கணவரை அழைத்து, என் மகளின் மூக்குக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்தேன். நாலா பக்கமும் மெஷின்கள் பீப் பீப் என்றன. ஏ.சி. இரைந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. ஒரு பச்சைப் பிள்ளையின் நித்திரை மூச்சு, காதை வைத்தாலும் கேட்காது. எனக்கே கேட்கவில்லை.

"கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேக்குது" என்றார்.

மிஸி வந்து தோளைத் தொடும் வரை நான் ஃபோனை எடுக்கவில்லை.